எஞ்சின் மாற்றும்போது ஃப்ளைவீலும் கியர் பாக்ஸும்: பெங்களூரில் முதல் முறை இறங்குபவர்களுக்கு

எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது மவுண்ட் உட்காருமா, வயரிங் ஒத்துவருமா, ரேடியேட்டர் தாங்குமா என்பதைத்தான். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் போல்ட் போட்டு மாட்டிய, கிளட்ச் பிடிக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் பற்றிப் பேச்சே வராது. பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, வாங்கி வந்ததைச் சங்கிலியில் தொங்கவிட்ட பிறகுதான் அது ஞாபகத்துக்கு வரும். அப்புறம் ஜே.சி. ரோட்டுக்கும் சிவாஜிநகருக்கும் லேத் பட்டறைக்கும் நடையாய் நடக்க வேண்டும். பெங்களூரில் தமிழ் பேசும் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை, கேட்டால் சொல்லித் தருவார்கள். ஆனால் எதைக் கேட்பது, எதை அளப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஃப்ளைவீல் நான்கு இடங்களில் ஒத்துப்போக வேண்டும்: கிராங்க் முனையில், ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனில், கிளட்ச்சில், இக்கால எஞ்சினாக இருந்தால் கிராங்க் சுற்றும் நிலையைப் படிக்கும் கிராங்க் சென்சாரிலும். போல்ட் ஏறிவிட்டது என்றால் முதல் இடம் சரி என்று மட்டும்தான் பொருள். மற்ற மூன்றையும் பார்க்காமல் கியர் பாக்ஸை ஏற்றாதீர்கள்.

முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

எந்த எஞ்சின் வாங்கலாம் என்பதைச் சட்டமே பாதி முடிவு செய்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே கம்பெனியின் அதே ரக எஞ்சினை வைப்பதானால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். வேறு ரக எஞ்சின் என்றால், தினமும் ரோட்டில் ஓடும் வண்டியில் அந்த ஆசையே வேண்டாம் என்பேன். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி எஞ்சின் எண்ணையும் பார்க்கும். பழைய எஞ்சின் வாங்கும்போது பில், அந்த எஞ்சின் வந்த வண்டியின் ஆர்.சி. நகல், எஞ்சின் எண் தெளிவாகத் தெரியும் போட்டோ மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

“அதே ரகம்தானே, ஃப்ளைவீல் அப்படியே பொருந்தாதா?” என்று தோன்றும். பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் அல்ல. அமெரிக்காவின் செவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் 1985 எஞ்சினும் 1986 எஞ்சினும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் 1986இல் பின்பக்க ஆயில் சீலை இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாற்றினார்கள். அதனால் கிராங்க் முனையின் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 அங்குலமாகச் சுருங்கியது. ஃப்ளைவீலில் ஒரு பக்க எடையும் வந்து சேர்ந்தது. அதே எஞ்சின் குடும்பத்தில் 153 பல் ஃப்ளைவீலும் உண்டு, 168 பல் ஃப்ளைவீலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு ஸ்டார்ட்டர். நம் ஊரிலும் அதே நிலைதான். 1248 சி.சி. மல்டிஜெட் டீசல் ஸ்விஃப்டிலும் வந்தது, புன்டோவிலும் வந்தது, இண்டிகா விஸ்டாவிலும் வந்தது. எஞ்சின் ஒன்று என்பதால் ஒரு கம்பெனி வண்டியின் கிளட்ச்சும் கியர் பாக்ஸும் மற்றதில் நேராக உட்காரும் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

செட்டாக வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து கழற்றியதாக, பிரிக்காமல், ஒன்றாக வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள். ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது), கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிப்பது), அதைத் தள்ளும் ஃபோர்க், ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு, இரண்டையும் நேராக நிறுத்தும் டவல் பின்கள், பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் மணி வடிவ உறை) போல்ட்கள், கிராங்க் சென்சார் எல்லாம் சேர்த்து.

சிவாஜிநகர் குஜ்ரி கடைகளில் (பழைய உதிரிபாகக் கடைகள்) எஞ்சினை மட்டும் தனியாகத் தருவதுதான் வழக்கம், ஏனென்றால் கியர் பாக்ஸ் தனியாக நல்ல விலைக்குப் போகும். “எஞ்சின் மட்டும்னா ரேட்டு கம்மி பண்ணித் தரேன், கியர் பாக்ஸ் எதுக்கு?” என்பார்கள். “பாய், ஃப்ளைவீல் கழட்டாம, ஸ்டார்ட்டரோட சேர்த்துக் குடுங்க, விலைய பேசிக்கலாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கியர் பாக்ஸ் கிடைக்காவிட்டாலும் ஃப்ளைவீலும் ஸ்டார்ட்டரும் எஞ்சினோடு வந்தாக வேண்டும். அவற்றைத் தனித்தனியாகத் தேடிப் பிடிக்க ஆகும் செலவோடு பார்த்தால் கடைக்காரர் கூட்டிக் கேட்கும் பணம் பெரிதல்ல.

உங்கள் பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அளவெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வெர்னியர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், நேரான ஒரு பட்டைக் கம்பி, நோட்டுப் புத்தகம் போதும். வெர்னியர் இல்லையென்றால் எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

கிராங்க் முனை

போல்ட் ஓட்டைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் என்ன, நடுவில் ஃப்ளைவீல் உட்காரும் மேட்டின் விட்டம் என்ன, டவல் பின் உண்டா, போல்ட் மரை என்ன சைஸ். இந்த ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டைகள் 6 அல்லது 8 என்றால் எதிரெதிராக இருக்கும் இரண்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, ஒரு ஓட்டையின் விட்டத்தைக் கழித்தால் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். 5 ஓட்டை என்றால் எதிரில் ஓட்டை இருக்காது. அடுத்தடுத்த இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7ஆல் பெருக்குங்கள்.

சில கிராங்க்குகளில் ஒரு ஓட்டை மட்டும் வேண்டுமென்றே சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருக்கும். ஃப்ளைவீல் ஒரே ஒரு நிலையில்தான் ஏறும். பொருந்தவில்லையே என்று ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள். சுற்றிப் பார்த்து, பொருந்தும் நிலையைக் கண்டுபிடியுங்கள். எந்த நிலையிலும் பொருந்தவில்லை என்றால் அது இந்த எஞ்சினின் ஃப்ளைவீல் இல்லை.

போல்ட் நீளமும் முக்கியம். ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின் என்றால் அதில் ஃப்ளைவீலுக்குப் பதில் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட் இருக்கும், போல்ட்கள் குட்டையாக இருக்கும். அவற்றைத் தடிமனான ஃப்ளைவீலுக்குப் போட்டால் நாலைந்து மரைதான் பிடிக்கும். அது உயிருக்கே ஆபத்து. பல இக்கால எஞ்சின்களில் இந்த போல்ட்கள் முறுக்கும்போது நீளும் வகை என்பதால் ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

பைலட் பேரிங்கையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் பின்சக்கர வண்டிகளில், ஜிப்ஸி, ஜீப் மாதிரி, கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் (கிளட்ச்சிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) நுனி ஒரு சிறிய பேரிங்கில் உட்காரும். அது சில எஞ்சின்களில் கிராங்க் முனைக்குள்ளும், சிலவற்றில் ஃப்ளைவீலின் நடுவிலும் இருக்கும். குறுக்குவாக்கில் எஞ்சின் வைத்த முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது. முன்சக்கர வண்டியின் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நுனி பிடிமானமில்லாமல் ஆடினால் இன்புட் பேரிங் சீக்கிரம் போகும், கிளட்ச்சும் சரியாக விடாது.

ஸ்டார்ட்டரும் ரிங் கியரும்

ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றியிருக்கும் பல் வளையமான ரிங் கியரின் பற்களை எண்ணுங்கள். சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டுவிட்டு எண்ணுங்கள், இல்லாவிட்டால் பாதியில் குழம்பும். பிறகு வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதால் வகுங்கள். 102 பல், விட்டம் 260 மி.மீ. என்றால் 260ஐ 104ஆல் வகுக்க 2.5 வருகிறது. இதுதான் பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல், ஏறக்குறைய. ஸ்டார்ட்டர் பினியனுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத பற்கள் சில நாள் சுற்றும், பிறகு ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஸ்டார்ட்டர் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து பினியன் எஞ்சின் பக்கத்திலிருந்தோ கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்தோ வந்து கோக்கும். அது நுழையும் பக்கத்தில் ரிங் கியர் பற்களின் விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். சரிவு மறுபக்கம் இருந்தால் ரிங் கியரைத் திருப்பிப் போட வேண்டியதுதான். ரிங் கியர் ஃப்ளைவீலில் இறுகப் பிடித்திருப்பது, சூடாக்கி மாட்டியபின் ஆறிச் சுருங்குவதால். 200 முதல் 250 டிகிரி வரை சீராகச் சூடாக்கினால் விரிந்து உட்காரும். சிவக்கும் வரை காய்ச்சினால் பல்லின் உறுதி போய்விடும், ஆகவே கேஸ் கட்டரை வைத்து ஒரே இடத்தில் காய்ச்சும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கிளட்ச்: பாதி எஞ்சின், பாதி கியர் பாக்ஸ்

கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்ப்லைன் (நீளவாக்கில் ஓடும் பற்கள்) கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். அதன் வெளி விட்டமும் பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் கியர் பாக்ஸ் இன்னொரு வண்டியிலிருந்தும் வந்தால் இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் ஒரு பிளேட் கடையில் இருக்காமல் போகலாம். அப்போது ஜே.சி. ரோட்டில் கிளட்ச் கடைகளில் இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைன் எண்ணிக்கை, அதன் வெளி விட்டம், பிளேட் விட்டம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வண்டிப் பெயரைச் சொன்னால் அந்த வண்டியின் பிளேட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை கடைகள்தான், பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபம்.

டீசல் வண்டிகளில் பலவற்றில் இரட்டை மாஸ் ஃப்ளைவீல் வருகிறது. அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங்குகள் அந்த ஃப்ளைவீலுக்குள்ளேயே இருப்பதால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஃப்ளைவீல் விலை அதிகம் என்று சாதாரண ஃப்ளைவீலுக்கு மாறுகிறவர்கள் பழைய பிளேட்டையே போட்டுவிடுகிறார்கள். பிறகு நியூட்ரலில் நின்றாலே கியர் பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடுகிறது. ஃப்ளைவீல் மாறினால் பிளேட்டும் ஸ்பிரிங் வைத்ததாக மாற வேண்டும்.

ஆழம்தான் எல்லாவற்றிலும் முக்கியம்

மேலே சொன்னதெல்லாம் பொருந்தி, இது ஒன்று தவறினால் மொத்த வேலையும் வீண். எஞ்சின் பிளாக்கின் பின்முகத்தில் பட்டைக் கம்பியைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஃப்ளைவீலின் உராய்வு முகம் வரை எத்தனை மி.மீ. என்று அளங்கள். இதையே உங்கள் பழைய எஞ்சினிலும் அளங்கள், அது ஓடிக்கொண்டிருந்த ஜோடி என்பதால் அதன் அளவு நம்பிக்கையானது.

புது எஞ்சினில் ஃப்ளைவீல் முகம் 4 மி.மீ. பின்னே தள்ளி இருந்தால் கிளட்ச் முழுவதும் 4 மி.மீ. கியர் பாக்ஸை நோக்கி நகர்ந்துவிட்டது என்று பொருள். ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் நாக்குகளை அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் வழுக்கும், கருகும். முன்னே இருந்தால் நேர்மாறாக, பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். கேபிள் கிளட்ச்சில் ஓரளவு அட்ஜஸ்ட் செய்யலாம். அதற்கு மேல் என்றால் ஃப்ளைவீலையோ ரிலீஸ் பேரிங்கின் நீளத்தையோ மாற்ற வேண்டும்.

இன்புட் ஷாஃப்ட் நுனிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பைலட் ஓட்டையின் அடியில், பேரிங்கில் படாமல், கொஞ்சம் பிசைந்த களிமண்ணை வையுங்கள். கியர் பாக்ஸை முழுதாக ஏற்றி, மீண்டும் இறக்கிப் பாருங்கள். களிமண் நசுங்கி 2, 3 மி.மீ. கனத்துக்கு நின்றால் நல்லது. காகிதம்போல் மெலிந்திருந்தால் ஷாஃப்ட் கிராங்க்கில் இடிக்கிறது. களிமண்ணில் குறியே விழவில்லை என்றால் நுனி பேரிங்குக்குள் எவ்வளவு நுழைகிறது என்று தனியாக அளந்தாக வேண்டும். பார்த்து முடித்ததும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

பெல் ஹவுசிங் ஓட்டைகள் எஞ்சினோடு ஒத்துவராமல் நடுவில் அடாப்டர் பிளேட் (இரண்டையும் இணைக்கும் தகடு) போடுகிறவர்கள், அந்தப் பிளேட்டின் கனம் மேலே சொன்ன அளவுகள் அனைத்தையும் மாற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம். 15 மி.மீ. பிளேட் என்றால் ஷாஃப்ட் 15 மி.மீ. பின்வாங்கும், ஸ்டார்ட்டரும்கூட நகரலாம். பிளேட்டில் டவல் பின்களுக்கு இடம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போல்ட் இறுக்குவதற்கு மட்டும்தான், நடுவை நிறுத்துவது டவல் பின். ஃப்ளைவீலில் டயல் கேஜை (சிறு விலகலை முள்ளால் காட்டும் கருவி) காந்தத்தால் பிடித்து, பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையைச் சுற்றி ஓடவிட்டால் விலகல் தெரியும். 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

லேத் வேலையும் பேலன்ஸும்

பழைய ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளோ மயிரிழை வெடிப்போ இருந்தால் அதைச் சீவாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வேகமாகச் சுற்றும் வார்ப்பிரும்பு வெடித்தால் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு காலருகே வரும். நல்ல நிலையில் இருந்தால் லேசாக முகம் சீவலாம். சில ஃப்ளைவீல்களில் உராய்வு முகம் ஒரு மட்டத்திலும், பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு இன்னொரு மட்டத்திலும் இருக்கும். ஒன்றைச் சீவினால் அதே அளவு மற்றதையும் சீவ வேண்டும். இதை லேத்காரரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். உராய்வு முகத்தை மட்டும் அரை மி.மீ. எடுத்துவிட்டால் பிரஷர் பிளேட்டின் பிடி தளர்ந்துவிடும்.

எடை குறைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் ஊர்ந்து போகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம். எடையைக் குறைத்தால் வண்டி கிளம்பும்போது எஞ்சின் எளிதில் அணைந்துவிடும், ஒவ்வொரு முறையும் அதிகம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து கிளட்ச்சைத் தேய்ப்பீர்கள்.

பேலன்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான நாலு சிலிண்டர் எஞ்சின்களில் ஃப்ளைவீல் தனக்குத்தானே சமமாக இருக்கும். ஆனால் சில எஞ்சின்களில் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை வைத்திருப்பார்கள். ஈகோஸ்போர்ட்டில் வந்த ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் 3 சிலிண்டர் எஞ்சின் அப்படிப்பட்டது, அதன் அதிர்வை ஃப்ளைவீலிலும் புல்லியிலும் உள்ள அந்த எடைதான் அடக்குகிறது. அதைப் பட்டறையில் கொடுத்து சமமாக்கினால் எஞ்சினே உதறும். எஞ்சின் எந்த வகை என்று தெரிந்த பிறகே பேலன்ஸுக்குக் கொடுங்கள்.

கிராங்க் சென்சார் ஃப்ளைவீலின் பற்களையோ பள்ளங்களையோ படிக்கும் எஞ்சினானால் அவற்றின் எண்ணிக்கையும் காலியிடமும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. எதிர்பார்ப்பதோடு பொருந்த வேண்டும். 60 பல்லில் 2 விடுபட்டது, 36இல் 1 விடுபட்டது என்று வகைகள் உண்டு. பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

ஏற்றும் நாள்

பின்பக்க ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள், இப்போது விட்டால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஃப்ளைவீல் முகத்தையும் கிராங்க் முகத்தையும் பிசுக்கில்லாமல் துடையுங்கள். போல்ட் ஓட்டை எஞ்சின் ஆயில் இருக்கும் இடம் வரை போகிறது என்றால் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக, மானுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். பிறகு முகத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.2 மி.மீ. ஆட்டம் வரை அனுமதிக்கும் மானுவல்கள் உண்டு, 0.1க்குள் கொண்டுவர நான் பாடுபடுவேன். அதிகம் ஆடினால் பெரும்பாலும் முகத்தில் துருவோ பிசிறோ ஒட்டியிருக்கும்.

கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது, ஜாக்கியில் தாங்குங்கள். கையால் தள்ளியே அது பிளாக்கோடு ஒட்ட வேண்டும். விரல் நுழையும் அளவு இடைவெளி நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். “போல்ட் போட்டு இறுக்கினா வந்துரும் அண்ணா” என்று உதவிக்கு நிற்கும் பையன் சொல்வான். இறுக்க விடாதீர்கள். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லையோ, ஷாஃப்ட் இடிக்கிறதோ, ஏதோ ஒன்று தடுக்கிறது. போல்ட்டால் இழுத்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும், இல்லையென்றால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் கெடும். ஒவ்வொரு போல்ட் இறுகிய பிறகும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். முதலில் சுற்றியதும் இப்போது சுற்றுவதும் ஒரே மாதிரி லேசாக இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் காது கொடுங்கள்

ஸ்டார்ட்டர் சுற்றும்போதே கீச்சென்று சத்தம் வந்தால் பினியனுக்கும் ரிங் கியருக்கும் இடைவெளி அதிகம். எஞ்சின் பிடித்த பிறகு, சாவியை விடும் அந்த நொடியில் கீச்சிட்டால் இடைவெளி குறைவு. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங்கோ பைலட் பேரிங்கோ. நியூட்ரலில் சத்தம் இருந்து, மிதித்தால் நின்றுவிட்டால் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங். வண்டி நிற்கும்போதே ஆர்.பி.எம். ஏற ஏற உதறல் கூடி, பெடலை மிதித்தும் குறையவில்லை என்றால் ஃப்ளைவீலிலோ பிரஷர் பிளேட்டிலோ பேலன்ஸ் தவறியிருக்கிறது. அதை ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே கழற்றுங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய்த் துளி தெரிந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, அது இல்லையென்றால் கிராங்க் சீலைச் சந்தேகியுங்கள். புது கிளட்ச் பழகும்வரை, முதல் 500 கி.மீ.க்கு, ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி பக்கம் நெடுஞ்சாலையில் விரட்டாமல் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள்.